நிலக்கரியில் உள்ள தனிமங்களை ஆய்வகத்தில் அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரி ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "கந்தகம் 0.60 என்று போட்டிருக்கிறதே, இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நியாயமான கேள்வி. கறுப்புக் கல்லை உடைத்து, தூளாக்கி, எரித்து, சில சமயம் அமிலத்தில் கரைத்த பிறகே அந்த எண் கிடைக்கிறது. எந்தப் படியில் எது நழுவிப்போகும் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

என்னென்ன தனிமங்களை அளக்கிறார்கள்?

மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் வசதி. முதல் கூட்டம், எரியும் பகுதியில் இருக்கும் ஐந்து: கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன். இரண்டாவது, எரித்த பிறகு சாம்பலில் தங்குபவை: சிலிக்கான், அலுமினியம், இரும்பு, கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், டைட்டானியம், பாஸ்பரஸ். மூன்றாவது, மிகச் சிறிய அளவில் இருப்பவை: ஆர்செனிக், பாதரசம், செலினியம், ஈயம், காட்மியம், குரோமியம், வனேடியம், யுரேனியம் என்று பட்டியல் நீளும். இவற்றைப் பிபிஎம் கணக்கில் சொல்வார்கள். ஒரு டன் நிலக்கரியில் ஒரு கிராம் இருந்தால் அது 1 பிபிஎம்.

மூன்று கூட்டத்தையும் ஒரே மூச்சில் அளந்து தரும் கருவி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும்.

ப்ராக்ஸிமேட், அல்டிமேட் என்று இரண்டு பகுப்பாய்வு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ப்ராக்ஸிமேட் பகுப்பாய்வு தனிமங்களைத் தொடுவதே இல்லை. ஈரப்பதம், சாம்பல், ஆவியாகும் பொருள் மூன்றையும் சூடுபடுத்தி எடை பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். நூறிலிருந்து இம்மூன்றையும் கழித்தால் வருவது நிலைக்கார்பன். பெயரைப் பார்த்து இதைக் கார்பன் தனிமத்தின் அளவு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தவறு. ஆவியாகும் பொருளோடு போகும் கார்பன் இதில் சேராது.

கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன் ஐந்தையும் தனித்தனியே சொல்வது அல்டிமேட் பகுப்பாய்வு. கார்பன் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுப்பதைப் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஒரு கப்பலில் 50,000 டன் நிலக்கரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் குருசிபிளில், அதாவது சூட்டைத் தாங்கும் சின்னக் கிண்ணத்தில், போடுவது 1 கிராம். அதாவது 5,000 கோடி கிராமுக்கு அந்த ஒரு கிராம் சாட்சி சொல்ல வேண்டும். மிச்ச எல்லாப் பிழைகளும் இதற்குப் பிறகுதான்.

நிலக்கரி ஒரே சீரான பொருளாக இருந்தால் கவலையில்லை. அப்படி இல்லையே! களிமண் ஒரு பக்கம் பட்டையாக ஓடும், பைரைட் என்ற இரும்புச் சல்பைடு இன்னொரு பக்கம் பொன்னிறப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பைரைட்டின் அடர்த்தி சுமார் 5, நிலக்கரியின் அடர்த்தி 1.3 அளவுதான். குவியலாகக் கொட்டும்போது பெரிய கட்டிகள் சரிவில் உருண்டு அடிவாரத்துக்குப் போய்விடும், பொடி நடுவில் தங்கிவிடும். குவியலின் ஓரத்தில் ஒரு மண்வெட்டி அள்ளினால் அது குவியலைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்த ஓரத்தைப் பற்றி மட்டும் சொல்லும்.

நல்ல வழி, ஓடும் பெல்ட்டிலிருந்து சீரான இடைவெளியில் முழு அகலத்தையும் வெட்டி எடுப்பது. சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவில், இயந்திரம் மூலம் மாதிரி எடுப்பதற்கு ஐஎஸ்ஓ 13909, கையால் எடுப்பதற்கு ஐஎஸ்ஓ 18283 என்று தனித்தனித் தரநிலைகள் உண்டு. எடுக்கும் வாயின் அகலம் மிகப் பெரிய கட்டியைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கட்டிகள் உள்ளே வராமல் தட்டிவிடப்படும், முடிவு ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். இந்தச் சாய்வு மோசமானது. எத்தனை முறை திரும்ப அளந்தாலும் அதே தப்பான எண்தான் அழகாகத் திரும்பத் திரும்ப வரும்.

மாதிரியை எவ்வளவு பொடியாக அரைக்க வேண்டும்? எதில் அரைத்தாலும் சரியா?

முதலில் பரப்பிக் காயவிட்டு, படிப்படியாக உடைத்து, ஒவ்வொரு படியிலும் பிரிப்பானில் பாதியாகப் பிரித்துக் குறைக்க வேண்டும். கடைசிப் பொடி ஐஎஸ்ஓ முறையில் 212 மைக்ரான் சல்லடையிலும், அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம் முறையில் 250 மைக்ரான் சல்லடையிலும் விழ வேண்டும். சல்லடையில் தங்கிய கடைசிக் கரடைத் தூக்கி எறியவே கூடாது. கடினமான கனிமங்கள்தான் அப்படித் தங்கும். அதை எறிந்தால் சாம்பலையே எறிந்ததாக அர்த்தம். திரும்ப அரைத்து உள்ளே சேர்க்க வேண்டும்.

எதில் அரைக்கிறோம் என்பதும் முக்கியம். டங்ஸ்டன் கார்பைடால் செய்த அரைவை ஆலையில் அரைத்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் மாதிரிக்குள் இறங்கும். குரோம் எஃகு ஆலை குரோமியத்தையும் இரும்பையும் கொடுக்கும். கார்பன், கந்தகம் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. கோபால்ட் 5 பிபிஎம்மா 8 பிபிஎம்மா என்று பார்ப்பவருக்கு இதுவே எல்லாம். ஒரே நாளில் வந்த மாதிரிகள் எல்லாவற்றிலும் கோபால்ட்டும் டங்ஸ்டனும் சேர்ந்து உயர்ந்திருந்தால், சுரங்கத்தைச் சந்தேகிக்கும் முன் அரைத்த ஆலையைப் போய்ப் பாருங்கள். நுண்ணளவுத் தனிமங்களுக்கு அகேட் கல் உரல் நல்லது. கொஞ்சம் சிலிக்கா மட்டும் சேரும், நிலக்கரியில் ஏற்கெனவே இருக்கும் சிலிக்காவுக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மூன்றையும் எப்படி அளக்கிறார்கள்?

அடிப்படை யோசனை பழையது: முழுதாக எரி, வெளிவரும் வாயுவைப் பிடி. 1831-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட ஒரு சின்னக் கருவியைச் செய்தார். குமிழ்களில் பொட்டாஷ் கரைசல். எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடை அது விழுங்கிக்கொள்ளும், எடை எவ்வளவு கூடியது என்று பார்த்துக் கார்பனைக் கணக்கிடலாம். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் சின்னத்தில் இன்றும் அந்தக் குமிழ்க் கருவியைப் பார்க்கலாம். நைட்ரஜனுக்கு 1883-இல் டென்மார்க் வேதியியலாளர் கெல்டால் கொடுத்த முறை வந்தது: கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து நைட்ரஜனை அம்மோனியமாக மாற்றி அளப்பது. நிலக்கரியில் நைட்ரஜன் பெரும்பாலும் வளையச் சேர்மங்களுக்குள் பூட்டிக்கொண்டிருக்கும். அமிலத்துக்குச் சீக்கிரம் மசியாது. வினையூக்கியும் நேரமும் போதாவிட்டால் முடிவு குறைந்துவிடும்.

இப்போது மூன்றையும் ஒரே கருவி பார்க்கிறது. சுமார் 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ பொடியைத் தகரப் படலத்தில் மடித்து, 950 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் குழாய்க்குள் தூய ஆக்சிஜனில் போடுவார்கள். கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் அகச்சிவப்பு உணரி அளக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகள் சூடான செம்பின் மேல் ஓடி நைட்ரஜன் வாயுவாக மாறியதும் வெப்பக்கடத்தல் உணரி அதை அளக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஐஎஸ்ஓ 29541, ஏஎஸ்டிஎம் டி5373 இரண்டும் இந்த வழிக்கானவை.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பொடியில் இருக்கும் ஈரமும் நீராவியாக வந்து ஹைட்ரஜன் கணக்கில் சேர்ந்துவிடும். கருவி ஹைட்ரஜன் 4.95 சதவீதம் என்று காட்டுகிறது, ஈரம் 4 சதவீதம் என்றால், 4-ஐ 0.1119-ஆல் பெருக்கி வரும் 0.45-ஐக் கழிக்க வேண்டும். உண்மையான ஹைட்ரஜன் 4.50. அறிக்கையில் இதைக் கழித்தார்களா இல்லையா என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் கேளுங்கள். இன்னொன்று, கால்சைட் போன்ற கார்பனேட் கனிமங்கள் விடும் கார்பன் டை ஆக்சைடும் கார்பனாகவே எண்ணப்படும். கார்பனேட் அதிகம் உள்ள நிலக்கரிக்கு அதை அமிலம் விட்டுத் தனியே அளந்து கழிப்பார்கள்.

கந்தகத்துக்கு ஏன் இத்தனை முறைகள்?

காசும் காற்றும் இரண்டுமே கந்தகத்தைப் பொறுத்தவை. விலை பேசும்போதும், புகைபோக்கியிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடைக் கணக்கிடும்போதும் இந்த எண் வரும். சண்டை வரும் எண்ணும் இதுதான்.

பழைய, நம்பகமான வழி எஷ்கா முறை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு பங்கு மக்னீசியம் ஆக்சைடு, ஒரு பங்கு நீரற்ற சோடியம் கார்பனேட். இதுதான் எஷ்கா கலவை. ஒரு கிராம் நிலக்கரியை இதோடு நன்றாகக் கலந்து, மேலே கலவையையே ஒரு போர்வையாக மூடி, மெல்ல மெல்ல 800 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் கந்தகம் கலவையிடம் சிக்காமல் புகையாகப் போய்விடும். எரிந்து முடிந்ததும் கரும்புள்ளி ஒன்றுகூட இருக்கக்கூடாது. பிறகு வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, அமிலமாக்கி, கொதிக்கும் கரைசலில் பேரியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். தெளிந்த நீர் சட்டென்று பால்போல வெளுக்கும். அதுதான் பேரியம் சல்பேட். அதை வடித்து, சுட்டு, எடை பார்ப்பார்கள். அதன் எடையில் 13.74 சதவீதம் கந்தகம். 0.60 சதவீதக் கந்தகம் உள்ள ஒரு கிராம் நிலக்கரிக்குக் கிடைக்கும் வீழ்படிவு 44 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு, வடிதாளின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அதில் ஒரு மில்லிகிராம் வடிதாளைத் தாண்டிப் போனாலே முடிவு தெரிகிற அளவுக்கு மாறிவிடும்.

தினசரி வேலைக்கு இப்போது 1,350 டிகிரி குழாய் உலைதான். ஆக்சிஜன் ஓட்டத்தில் எரித்து, ஈரத்தை மக்னீசியம் பெர்குளோரேட்டில் பிடித்து நிறுத்தி, சல்பர் டை ஆக்சைடை அகச்சிவப்பில் அளப்பார்கள். அவ்வளவு சூடு ஏன் என்றால், கால்சியம் சல்பேட் குறைந்த வெப்பத்தில் உடையாது. அதில் இருக்கும் கந்தகமும் வெளியே வர வேண்டும்.

அப்புறம் கந்தகத்தின் வகை. சல்பேட் கந்தகம், பைரைட் கந்தகம், கரிமக் கந்தகம் என்று மூன்று. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சல்பேட்டை எடுத்துவிடும். மிச்சத்தை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் பைரைட் கரையும். இங்கே ஒரு நுணுக்கம்: கரைந்த கந்தகத்தை அளக்கமாட்டார்கள், கரைந்த இரும்பை அளப்பார்கள். நைட்ரிக் அமிலம் கரிமக் கந்தகத்தையும் கொஞ்சம் தாக்கும், ஆனால் அந்தப் பகுதியில் இரும்பு இல்லை. இரும்பின் அளவை 1.148-ஆல் பெருக்கினால் பைரைட் கந்தகம் வந்துவிடும். மொத்தத்திலிருந்து இரண்டையும் கழித்தால் கரிமக் கந்தகம். இந்த வேலை சிரமமானது, ஆனால் பயன் பெரிது. கழுவும் ஆலையில் பைரைட்டைப் பிரித்தெடுக்க முடியும். கரிமக் கந்தகம் நிலக்கரியின் உடம்போடு பிறந்தது, எத்தனை கழுவினாலும் போகாது.

ஆக்சிஜனை அளக்கிறார்களா, கணக்குப் போடுகிறார்களா?

பெரும்பாலும் கணக்குத்தான். நூறிலிருந்து கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம், சாம்பல், ஈரம் எல்லாவற்றையும் கழித்து மிஞ்சியதை ஆக்சிஜன் என்று எழுதுவார்கள். மற்ற எல்லா அளவுகளின் பிழையும் இந்த ஒரு எண்ணின் தலையில் வந்து உட்காரும். ஆக்சிஜன் எண்ணை வைத்து நுணுக்கமான முடிவு எதற்கும் போகாதீர்கள் என்பது என் வலுவான கருத்து.

நேரடி வழிகளும் உண்டு. ஆக்சிஜனே இல்லாத சூழலில் மாதிரியைச் சூட்டால் சிதைத்து, வரும் ஆவியைச் சூடான கார்பனின் மேல் செலுத்தினால் ஆக்சிஜன் எல்லாம் கார்பன் மோனாக்சைடாக மாறும். அதை அளக்கலாம். 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களால் தாக்கும் முறையும் இருக்கிறது. ஆக்சிஜன்-16, நைட்ரஜன்-16 ஆக மாறிச் சுமார் 7 விநாடி அரைவாழ்வுடன் கதிர் வீசும். இது களிமண், குவார்ட்ஸ் இவற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்தே எண்ணும் என்பதை மறக்கக்கூடாது.

ஒரே நிலக்கரிக்கு இரண்டு ஆய்வகம் இரண்டு சாம்பல் அளவு கொடுத்தால் யாரைச் சந்தேகிப்பது?

யாரையும் சந்தேகிக்கும் முன் எந்தத் தரநிலை என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 1171 சாம்பலை 815 டிகிரியில் செய்யச் சொல்கிறது. ஏஎஸ்டிஎம் டி3174 700 முதல் 750 டிகிரிவரை. வெப்பம் மாறினால் சாம்பலும் மாறும், ஏனென்றால் சாம்பல் என்பது நிலக்கரிக்குள் அப்படியே கிடந்த பொருள் இல்லை. சூட்டில் உருவாகும் பொருள். களிமண் வகையான கேயோலினைட் தன் எடையில் ஏறக்குறைய 14 சதவீதத்தை நீராக இழக்கும். கால்சைட் 44 சதவீதத்தைக் கார்பன் டை ஆக்சைடாக இழக்கும். பைரைட் இரும்பு ஆக்சைடாகி மூன்றில் ஒரு பங்கு எடையை விட்டுவிடும்.

இதில் ஒரு கூட்டுச் சதியும் உண்டு. கால்சைட் உடைந்து வரும் சுண்ணாம்பு, பைரைட் விடும் சல்பர் டை ஆக்சைடைப் பிடித்துச் சல்பேட்டாகச் சாம்பலிலேயே வைத்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் 500 டிகிரிவரை நிதானமாக, நல்ல காற்றோட்டத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். கார்பனேட் உடையும் முன் கந்தகம் வெளியேறிவிட வேண்டும். நேரமில்லை என்று குருசிபிளைச் சூடான உலையில் நேராகத் தள்ளினால், சாம்பல் வேண்டிய அளவுக்கு மேல் வரும். உலையிலிருந்து எடுத்த சாம்பலைக் கொஞ்சம் பாருங்கள். இரும்பு அதிகம் என்றால் செங்கல் நிறம், களிமண் அதிகம் என்றால் வெளிர் சாம்பல் நிறம். கரும்புள்ளி தெரிந்தால் எரிந்து முடியவில்லை.

சாம்பல் 10 சதவீதத்துக்குக் கீழே உள்ள நிலக்கரியில், ஐஎஸ்ஓ முறைப்படி இரண்டு ஆய்வகங்கள் 0.3 சதவீதப் புள்ளிவரை விலகலாம். அதற்குள் இருந்தால் சண்டைக்கு இடமில்லை.

சாம்பலில் உள்ள இரும்பு, சிலிக்கான் எல்லாம் எப்படித் தெரிகிறது?

எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ் கதிர் ஒளிர்வு முறைதான் இங்கே வழக்கம். சாம்பலை லித்தியம் போரேட் உப்போடு சேர்த்து, பிளாட்டினம்-தங்கக் கலப்புலோகக் குருசிபிளில் 1,000 டிகிரிக்கு மேல் உருக்கி, அச்சில் ஊற்றிக் கண்ணாடி வில்லையாக்குவார்கள். உருக்கிவிட்டால் துகள் அளவு, கனிம வகை என்ற வேறுபாடெல்லாம் ஒழிந்துபோகும். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒளிரும். சாம்பலில் எரியாத கார்பனோ சல்பைடோ மிச்சம் இருந்தால் பிளாட்டினத்தைத் துளைத்துவிடும். அந்தக் குருசிபிளின் விலை தெரிந்தவர் சாம்பலை முழுதாக எரிக்காமல் உருக்கமாட்டார்.

முடிவை ஆக்சைடுகளாக எழுதுவார்கள். எல்லாம் கூட்டினால் நூறுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 94 வருகிறது என்றால் சல்பர் டிரை ஆக்சைடை விட்டுவிட்டார்களா, பேரியம், ஸ்ட்ரான்சியம் கணிசமாக இருக்கிறதா என்று தேட வேண்டும். சிலிக்காவும் இரும்பு ஆக்சைடும் என்று எழுதியிருப்பதால் நிலக்கரியில் அவை அப்படியே இருந்தன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எழுதும் வழக்கம், அவ்வளவுதான்.

நுண்ணளவுத் தனிமங்களுக்கு ஐசிபி-எம்எஸ் வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. ஐசிபி-எம்எஸ் என்பது கரைசலில் உள்ள தனிமங்களைப் பிளாஸ்மாவில் அயனிகளாக்கி, நிறையை வைத்து எண்ணும் கருவி. அது கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் மாதிரி முழுதாகக் கரைய வேண்டும், அங்கேதான் பாதி உயிர் போகும்.

ஒரு வழி, 500 டிகிரியில் சாம்பலாக்கி அதைக் கரைப்பது. இன்னொன்று, நிலக்கரியையே மூடிய நுண்ணலைக் கலத்தில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் விட்டுக் கரைப்பது. சிலிக்கேட்டை உடைக்க ஹைட்ரோஃபுளோரிக் இல்லாமல் முடியாது. அது தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரியும், ஆனால் எலும்பிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் கால்சியத்தைப் பறித்துவிடும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. பெர்குளோரிக் அமிலத்தை எரியும் தன்மையுள்ள நிலக்கரிமேல் நேராக ஊற்றுவதும் அப்படித்தான், வெடிக்கும். கரைத்த பிறகு போரிக் அமிலம் சேர்த்து மிச்ச ஃபுளோரைடைக் கட்டிப்போடுவார்கள். இல்லாவிட்டால் அருமண் தனிமங்கள் ஃபுளோரைடாக அடியில் படிந்துவிடும். இத்தனைக்குப் பிறகும் ஸிர்கான், குரோமைட் போன்ற கனிமங்கள் கரையாமல் அடம்பிடிக்கலாம். அவற்றுக்கு உருக்கு முறைதான் சரி.

இனி கருவி. ஐசிபி-எம்எஸ்ஸில் கரைசல் 6,000 முதல் 10,000 கெல்வின் சூடான ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் போய் அயனிகளாகச் சிதறும். அவற்றை நிறை வாரியாக எண்ணுவார்கள். ஆனால் நிறை ஒன்றாக இருப்பதால் ஆள் மாறாட்டம் நடக்கும். ஆர்கான் 40, குளோரின் 35, கூட்டினால் 75. ஆர்செனிக்கின் நிறையும் 75. கரைக்கும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால், இல்லாத ஆர்செனிக் இருப்பதாகத் தெரியும். யூரோப்பியம் என்ற அருமண் தனிமத்துக்கு இதைவிடச் சங்கடம். அதன் இரண்டு ஐசோடோப்புகள் 151, 153. பேரியம் 135-உம் 137-உம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் அதே 151, 153. நிலக்கரியில் பேரியம் நிறைய, யூரோப்பியம் துளி. திருத்தம் போடாமல் வந்த யூரோப்பியம் எண்ணை வைத்து யாராவது பெரிய கதை சொன்னால் நம்பவேண்டாம். ஆர்செனிக்குக்கு ஹீலியம் மோதல் கலம் நன்றாக உதவுகிறது: ஹீலியத்தோடு மோதவிட்டு இப்படிச் சேர்ந்து வரும் போலிகளை வடிகட்டிவிடும்.

கரைக்கவே வேண்டாம் என்றால் நியூட்ரான் கிளர்வு முறை. பொடியை அப்படியே அணு உலையில் வைத்து, பிறகு அது விடும் காமாக் கதிர்களை எண்ணுவார்கள். கரைப்பில் எதுவும் தொலையாது என்பது பெரிய நன்மை. ஈயத்தை இதில் பார்க்க முடியாது என்பது குறை.

பாதரசத்தை ஏன் தனியாக அளக்கிறார்கள்?

நெருப்பைக் கண்டதும் ஓடிவிடும், அதனால்தான். சாம்பலில் பாதரசம் தேடுவது வீண். செலினியம், குளோரின், ஃபுளோரின், புரோமின் இவையும் சாம்பலாக்கும்போது பெருமளவு போய்விடும். ஆர்செனிக் எவ்வளவு தங்கும் என்பது நிலக்கரிக்கு நிலக்கரி வேறுபடும். கால்சியம் அதிகம் என்றால் அதிகம் தங்கும்.

உலக நிலக்கரிகளில் பாதரசம் சராசரியாக 0.1 பிபிஎம் அளவில் இருக்கிறது. 100 மில்லிகிராம் பொடியில் இருப்பது வெறும் 10 நானோகிராம். அதைப் பிடிக்கும் வழி எனக்கு மிகப் பிடித்தது. பொடியை ஆக்சிஜனில் சூடாக்கி, வரும் புகையை வினையூக்கியில் சுத்தம் செய்து, தங்கத்தின் மேல் ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் போகும். பிறகு தங்கத்தைச் சட்டென்று சூடாக்கினால் பாதரசம் ஒரே மூச்சில் வெளிவரும். 253.7 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்தால் போதும். சில நிமிட வேலை, அமிலமே வேண்டாம். 105 டிகிரியில் காயவைத்த மாதிரியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். கொஞ்சம் பாதரசம் அப்போதே போயிருக்கலாம். ஈரத்தை வேறு பங்கில் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஃபுளோரினுக்கு நீராவி கலந்த ஆக்சிஜனில் 1,100 டிகிரி அளவில் சூடாக்கி, குளிர்ந்து வரும் நீரில் அளப்பார்கள். ஆக்சிஜன் குண்டுக் கலத்தில் (அழுத்தத்தில் ஆக்சிஜன் நிரப்பிய மூடிய எஃகுக் கலம்) எரித்தால் கனிமங்களுக்குள் இருக்கும் ஃபுளோரின் முழுதாக வெளிவராது.

வந்தபடி, காற்றில் உலர்ந்தது, உலர்ந்தது, ஈரமும் சாம்பலும் அற்றது என்று நான்கு விதமாக எண் கொடுக்கிறார்களே?

எண் பொய்யில்லை, அடித்தளம் வேறு. ஓர் உதாரணம் போதும். வந்தபடி நிலக்கரியில் மொத்த ஈரம் 12 சதவீதம். ஆய்வகக் காற்றில் உலர்ந்த பொடியில் ஈரம் 4, சாம்பல் 16, கந்தகம் 0.60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஈரத்தை முழுதாக நீக்கிய கணக்கில்: 0.60-ஐ 96-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 0.625.
வந்தபடி: 0.625-இல் 88 சதவீதம், அதாவது 0.55.
ஈரமும் சாம்பலும் இல்லாத கணக்கில்: 0.60-ஐ 80-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 0.75.

ஒரே நிலக்கரி, ஒரே அளவீடு. 0.55, 0.60, 0.625, 0.75 என்று நான்கு எண்கள். ஒப்பந்தத்தில் 0.60-க்கு மேல் கூடாது என்று மட்டும் எழுதி அடித்தளத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நுண்ணளவுத் தனிமத்திலும் இதே கதை. சாம்பலில் வனேடியம் 200 பிபிஎம் என்றால், சாம்பல் 16 சதவீதம் உள்ள நிலக்கரியில் அது 32 பிபிஎம். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய அட்டவணைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

அளந்தது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளவு ஏற்கெனவே தெரிந்த நிலக்கரியைத் தெரியாதது போல நடத்தி அளக்க வேண்டும். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனம் வெளியிடும் எஸ்ஆர்எம் 1632 வரிசை இதற்காகவே சான்றளித்த நிலக்கரிப் பொடி. அதை மாதிரியோடு சேர்த்து, அதே நாளில், அதே அமிலத்தில், அரைப்பதைத் தவிர எல்லாப் படியிலும் கூடவே கொண்டுபோக வேண்டும். மாதிரியே இல்லாமல் அமிலத்தை மட்டும் ஓட்டும் வெற்றுச் சோதனையும் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்க வேண்டும். நிலக்கரிக்கு நீர் மாதிரியை வைத்துச் சரிபார்ப்பதில் பயனில்லை. நீரில் கரைக்க வேண்டிய களிமண்ணே கிடையாது.

பெல்ட்டிலேயே அளக்கும் கருவிகள் ஆய்வகத்துக்கு மாற்றா?

இல்லை, துணை. கலிஃபோர்னியம்-252 விடும் நியூட்ரான்கள் ஓடும் நிலக்கரியில் பட்டதும் தனிமங்கள் உடனே காமாக் கதிர் விடும். அதைப் படித்து நிமிடத்துக்கு நிமிடம் கந்தகமும் சாம்பலும் சொல்வார்கள். டன் கணக்கில் பார்ப்பதால் மாதிரிப் பிழை குறைவு. ஆனால் அதைச் சரிப்படுத்த ஆய்வக எண்தான் வேண்டும். பாதரச அளவுக்கெல்லாம் அது எட்டாது.

மீதி வைத்த பொடியை ஆறு மாதம் கழித்துத் திரும்ப அளக்கலாமா?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நிலக்கரி காற்றில் மெல்ல மெல்ல ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பொடியாக இருந்தால் பரப்பு அதிகம், இன்னும் வேகமாக எடுக்கும். கார்பன், ஹைட்ரஜன் சதவீதம் கொஞ்சம் இறங்கும், எரிவெப்பமும் இறங்கும். பைரைட் ஆக்சிஜனேற்றமாகிச் சல்பேட்டாக மாறும். மொத்தக் கந்தகம் பெரிதாக மாறாவிட்டாலும் வகைப் பிரிப்பு தலைகீழாகலாம். சிலிக்கான், அலுமினியம், டைட்டானியம் போன்றவை எங்கும் போகாது. அவற்றைத் தாராளமாகத் திரும்ப அளக்கலாம். வைத்திருக்க வேண்டும் என்றால் நைட்ரஜன் நிரப்பி, இறுக மூடி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மேலே அரைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள். திறந்த பிறகு ஈரத்தைப் புதிதாகப் பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் கணக்கிட வேண்டும், பழைய ஈர எண்ணை எடுத்துப் போடக்கூடாது.